அலுவல் நிமித்தம் உண்ட சோறு

அரிசிக்குக் கன்ட்ரோல் இருந்த காலம். நாட்டில் அரிசி ஏன் போதவில்லை என்று சர்க்கார் வெகு நாள் யோசித்தது. ஜனங்கள் அதைச் சாப்பிட்டு விடுகிறார்கள் என்பதுதான் காரணம் என்று கடைசியில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? கும்மிடிப்பூண்டியில் 'அன்னத் துறவு ஊக்குவிப்பு அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்து, வீரராகவன் என்பவரை ஸ்பெஷல் ஆபீசராகப் போட்டு, அவருக்குக் கீழே தானியேல் என்ற இன்ஸ்பெக்டரை வைத்து, இரண்டு பேருக்கும் மேலே ஒரு மின்விசிறியை மாட்டியது. மின்சாரம் பிற்பாடு வரும் என்று சொன்னார்கள்.

சோறு தொடாமல் இருப்பது அப்போது பெரிய மனிதர்களுக்குள் நாகரிகமாகவும் ஆகிவிட்டிருந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும், "நான் ரைஸ் விட்டுட்டேன்" என்று அறிவித்து, பக்கத்து இலைக்காரர் காதில் விழுந்ததா என்று பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் சாம்பாருக்குக் கொஞ்சம், ரசத்துக்குக் கொஞ்சம், மோருக்குக் கொஞ்சம் என்று கை காட்டுவார்கள்.

நம்ம ஷஃபியுல்லா பாய்க்கு நாகரிகமும் தெரியாது, நாட்டுப் பற்றும் அவ்வளவாகக் கிடையாது. அவர் கடைத்தெருவில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர். அவருக்கு இருந்ததெல்லாம் சர்க்கரை வியாதிதான். கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மதராஸ் டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோறு, கிழங்கு, சர்க்கரை, மூணும் கூடாது. மீன் தின்னு, முட்டை தின்னு, கீரை தின்னு. கேக்கலேன்னா முதல்லே விரலை எடுப்பேன். அப்புறம் காலை எடுப்பேன்."

பாயின் சம்சாரம் சாயிரா பானு அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டாள். அவளுடைய அத்தாவுக்கு இப்படித்தான் விரலில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் போனது. அன்றிலிருந்து வீட்டில் சோற்றுப் பானை கவிழ்ந்தது. காலையில் முட்டை, மத்தியானம் மீனும் கீரையும், ராத்திரி மறுபடியும் மீன். பாய் முதல் வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். அப்புறம் புண் காயத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டார்.

தின்னாத அரிசிக்கு ரேஷன் எதற்கு என்று அலுவலகத்துக்குப் போய், "எங்க ஊட்டு அரிசி எங்களுக்கு வாணாம் சார்" என்றார். வீரராகவன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். அலுவலகம் திறந்து அதுவரைக்கும் ஒரு ஆத்மா அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பாயின் கழுத்தில் மாலை விழுந்தது. சட்டையில் 'அன்னத் துறவி' என்று பித்தளை வில்லை குத்தினார்கள். சோழவரத்திலும் பொன்னேரியிலும் மேடையேற்றி, "தேசத்தின் பொருட்டு அன்னத்தை நீத்த உத்தமர்" என்று காட்டினார்கள். சர்க்கரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, பாயும் சொல்லவில்லை. மாலை நன்றாகத்தான் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நோன்புப் பெருநாள் வந்தது. சாயிராவின் அண்ணன் உமர் பாரூக் வீடு பழவேற்காட்டில். அங்கே விருந்து. கன்ட்ரோல் காலத்தில் அவ்வளவு சீரகச் சம்பா எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஆளை அங்கே கூப்பிடுவதில்லை. தம் உடைத்த பிரியாணியை, சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தில் கொட்டி நடுவில் வைத்தார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பாய் கறியை மட்டும்தான் எடுத்தார். கறியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சோறு வந்தது. அப்புறம் சோற்றோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கறி வந்தது. மறுநாளும் அப்படியே. பாயசம் தனி.

ஊர் திரும்பியபோது விரல் மறுபடியும் வீங்கியிருந்தது. சாயிரா விரலையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பாய் காலை மெல்லக் கைலிக்குள் இழுத்துக்கொண்டார்.

"இன்னிலேர்ந்து ஒரு பருக்கை தொடமாட்டேன் சாயிரா. சத்தியமா."

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். தின்றார், இனிமேல் தின்ன மாட்டார். ஆனால் அந்தச் சஹனில் நாலாவது ஆளாக உட்கார்ந்திருந்தவர் இன்ஸ்பெக்டர் தானியேல்.

பாய்க்கு அழைப்பு வந்தது. வீரராகவன் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து விசிறி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நீர் துறந்த அன்னத்தை மீண்டும் உட்கொண்டீரா?"

"கறிதான் சார் துன்னேன். சோறு கொஞ்சூண்டு."

"சஹனில் உமது பாகம் எது?"

"சஹன்ல ஏது சார் பாகம்? அல்லாருக்கும் ஒரே தட்டு."

"ஆகவே முழு சஹனும் காலியானது. அதில் அமர்ந்தவர் யாவரும் அதை உண்டவரே. எழுதிக்கொள்ளும், தானியேல்."

"சார், தானியேல் சாரும்தான் ஒக்காந்துக்கினு இருந்தாரு! நெஞ்செலும்பெல்லாம் அவருதான்..."

"தானியேல் அலுவல் நிமித்தம் உட்கொண்டார். அலுவல் நிமித்தம் உட்கொண்டது உணவாகாது."

தானியேல் பணிவோடு தலை குனிந்தார்.

"போவட்டும் சார். இனிமே துன்னலே. வுட்டுடுங்க."

"அதெப்படி? நீர் இப்போது அன்னம் உண்பவர். உமது ரேஷன் அரிசி மீண்டும் வழங்கப்படும். வாங்கியாக வேண்டும்."

"வாங்கி?"

"உண்ண வேண்டும். உண்ணாமல் வீட்டில் வைத்தால் பதுக்கல். பிறருக்குக் கொடுத்தால் கள்ளச் சந்தை. கொட்டினால் தேசத் துரோகம்."

"அய்யோ, வாணாம்னு நான் மறுபடி எழுதிக் குடுத்துடறேன் சார்!"

"அன்னம் உண்பவர்தானே அன்னத்தைத் துறக்க முடியும்? உண்ணாதவர் துறந்தால் சர்க்காருக்கு என்ன மிச்சம்? ஒரு ரேஷன் தவணை முழுவதும் எமது முன்னிலையில் உண்டு காட்டும். பிறகு துறக்கலாம்."

பாய் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி மேஜை ஓரத்தில் வைத்தார். "இத்தப் பாருங்க சார். சோறு துன்னா வெரலை எடுத்துருவாங்க. டாக்டர் சர்ட்டிபிகேட்டே கீது."

வீரராகவன் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் படித்தார். முகம் இருண்டது.

"வியாதிக்காரரா? வியாதிக்காக விடுவது துறவாகாதே! இதைத் தாக்கல் செய்தால், உமக்குப் போட்ட மாலையெல்லாம் மோசடி என்று ஆகும். செய்கிறீரா?"

பாய் சர்ட்டிபிகேட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "பேஜாராப் பூட்ச்சு சாயிரா. துன்னா காலு போவுது. துன்னலேன்னா செயிலு."

நடந்ததை ஒன்று விடாமல் கேட்ட சாயிரா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஏங்க, சஹன் காலியானா ஒக்காந்தவங்க அல்லாரும் துன்ன கணக்குன்னு அந்தாளேதான சொன்னாரு? நாளைக்கு வரச் சொல்லுங்க. நான் ஆக்கறேன்."

ரேஷன் அரிசிக்கு எப்போதும் ஒரு மூட்டை வாசனை உண்டு. சாயிரா அதை நெய்யிலும் இறாலிலும் போட்டு அமுக்கிவிட்டாள். சஹன் வந்தது. பாய் ஒரு பக்கம், சாட்சியாக வந்த தானியேல் ஒரு பக்கம். பாய் இறாலைப் பொறுக்கிக்கொண்டார். தானியேல் அலுவலைப் பார்த்தார். சஹன் காலி. "மேற்படியார் அன்னம் உண்டார்" என்று எழுதிக்கொண்டு ஏப்பம் விட்டார்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவரால் பொறுக்க முடியவில்லை. நாஷ்டா நேரத்துக்கே வந்துவிட்டார். மூன்றாம் நாள் தானியேலின் சாட்சியத்தைச் சரிபார்க்க வீரராகவன் வந்தார். வெங்காயம்கூடச் சேர்க்காத ஆசாரமானவர். ஆனால் உணவாகாத ஒன்றில் ஆசாரம் ஏது? கண்ணை மூடிக்கொண்டு கடமையைச் செய்தார். இரண்டாம் கவளத்துக்குக் கண்ணைத் திறந்தார். அப்புறம் வீரராகவனைச் சரிபார்க்கத் திருவள்ளூரிலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஒரு தட்டு போதாமல் சாயிரா இன்னொரு தட்டும் வைத்தாள். ஒரு ஆள் அரிசி போதவில்லை என்று, பாய் 'அதிகமாக அன்னம் உண்பவர்' ஆக வகை மாற்றப்பட்டு, விசேஷ ரேஷன் வழங்கப்பட்டது. அதிகம் உண்பவர் துறந்தால் மிச்சமும் அதிகம் என்று வீரராகவன் மேலே எழுதினார். மேலிடம் பாராட்டியது.

தவணை முடிந்தது. பாயின் புண் சுத்தமாக ஆறிவிட்டது. சாயிரா அந்த விரலைத் தொட்டுப் பார்த்து, "ரப்பே" என்று ஆண்டவனை அழைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விழாவில் புது மாலை, பெரிய வில்லை. துறந்ததையே மறுபடியும் துறந்தவர் ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான் என்பதால், இனிமேல் யார் துறப்பதானாலும் அவர் முன்னிலையில் உண்டு காட்டியே துறக்க வேண்டும் என்று, அவரையே கௌரவ சாட்சி மெம்பராகவும் போட்டார்கள். கடை வாசலில் போர்டு தொங்கியது. பாய் கருவாட்டை எடை போடுவதைக் குறைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்காரப் பழகினார்.

கொஞ்ச நாளில் தானியேல் நொண்டிக்கொண்டு வந்தார். காலில் துணி சுற்றியிருந்தது.

"பாய், எனக்கும் சர்க்கரையாம். சோத்தை வுடலேன்னா காலை எடுத்துருவேன்றான் டாக்டர். ரேஷன் அரிசி ஊட்ல கெடக்குது. பதுக்கல்னு எவனாவது எழுதிப்புடுவான். துறந்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு."

பாய் வில்லையை நேராக்கிக்கொண்டார்.

"நீங்கதான் சோறே துன்றதில்லையே சார். இன்னாத்தைத் துறப்பீங்க?"

"நீயே பாத்தியே பாய்! ஒன் தட்டுல நான் துன்னது கொஞ்சமா?"

"அது அலுவல் நிமித்தம். உணவாகாது."

தானியேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெளாடாதே பாய். புள்ளகுட்டிக்காரன் நான்."

"ஏங்க, பாவங்க அந்த மனுசன்" என்று உள்ளேயிருந்து சாயிரா சத்தம் போட்டாள். "கையெழுத்தைப் போட்டுக் குடுங்களேன்!"

பாய் விளையாடவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை.

"சட்டம்னு ஒண்ணு கீதில்ல? ஒரு தவணை துன்னு காட்டுங்க. அப்பால துறக்கலாம். சாட்சிக்கு நானே வந்து கூட ஒக்காந்துக்கறேன்" என்றவர், சாயிரா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, "உங்க ஊட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.