பழைய பதிப்பைக் கழித்துக்கட்டிய விவரம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். கணினி இன்று காலைதான் தேறியது. நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தொண்டை அறுவைக்குப் பிறகு பேச்சை இழந்த அம்மாவுக்கு, தட்டுவதை உரக்கப் படிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தாய். கூடவே, "ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்ப்யூட்டருக்குள்ளயே தனி அறைப்பா. ஒண்ணோட சாமானை இன்னொண்ணு தொடக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் கேட்டேனா? முப்பத்தோரு வருஷம் கிடங்குக் கண்காணிப்பாளனாக இருந்தவன். என் சதுரங்க புரோகிராமை நிறுவியபோது பார்க்கிறேன், புரோகிராம் ஓடத் தேவையான துணைச் சாமான், பேக்கேஜ் என்பார்களே, அதில் ஒன்று இரண்டு அறையிலும் கிடக்கிறது, அம்மாவுடையதில் பழைய பதிப்பு, என்னுடையதில் புதுசு. ஒரே சாமான் இரண்டு இடத்தில் இருந்தால் என் கை சும்மா இருக்குமா? பழையதைக் கழித்துக்கட்டிவிட்டு, அம்மாவின் புரோகிராமையும் என் அறைக்கே குடிமாற்றினேன். என் குதிரை ஜோராக ஓடியது. அம்மாவின் குரல் நின்றுபோனது. அவள் புரோகிராம் கேட்கிற வேலையைப் புதுப் பதிப்பு செய்யாதாம்.

நாலு நாள் அவள் என்னைத் திட்டக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அந்தக் குரல் சமையலறையிலிருந்து வந்தால் செய்தித்தாளை இறக்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது எதிரே நாற்காலி போட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. இடது புருவம் ஏறினால் வேண்டாம் என்று அர்த்தம்; உதட்டைக் கடித்தால் வலிக்கிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டாள். இத்தனை வருஷம் இதையெல்லாம் பார்க்காம என்ன பண்ணிட்டிருந்தேன்னு தெரியலை. வெட்கமாகத்தான் இருந்தது.

இன்று காலை, எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்று நீ எழுதி வைத்திருந்த பட்டியலைப் பிரித்து, வரிவரியாகப் பார்த்து, அவளுக்குத் தனி அறை கட்டினேன். நானேதான். அவள் தட்டினாள், குரல் வந்தது: "அடுப்புல பால் பொங்குது, பாருங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாலும் வழிந்துவிட்டது.

நீயும் மருமகளும் ஒருவர் சாமானை ஒருவர் கழித்துக்கட்டாமல் நெடுநாள் நன்றாக இருங்கள்.

ஆசிகளுடன்,
அப்பா

பின்குறிப்பு: அம்மா தட்டுகிறேன். உன் அப்பா அடுப்பைத் துடைக்கப் போயிருக்கிறார். அவர் கட்டிய அறையில் யாரும் குடியில்லை; என் குரல் வருவது நானே கட்டிக்கொண்ட அறையிலிருந்து. உன் பட்டியலை வைத்து ரெண்டாம் நாளே நான் சரி பண்ணிவிட்டேன். அப்புறம் ரெண்டு நாள் வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தேன். எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரா, கலைக்க மனசு வரவில்லை. அவரிடம் சொல்லிவிடாதே.