சடையங்குப்பத்துப் பேட்டரி நிலையமும் கணுக்கால் தண்ணீரும்

சடையங்குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

என் அருமை மைத்துனன் அன்பரசனுக்கு, உன் அக்காள் புருஷன் அப்பாவு எழுதிக்கொண்டது. இங்கு நானும் கன்னியம்மாவும் மகள் மகிழினியும் நலம். அரக்கோணத்தில் நீயும் மாயாவும் பிள்ளைகளும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது.

நம் ஊருக்குப் பேட்டரி நிலையம் வரப்போகிறதப்பா! நீ கிரிக்கெட் ஆடினாயே, அதே மைதானத்தில்! பகலில் மிஞ்சுகிற வெயில் கரண்ட்டை எல்லாம் பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளில் பிடித்து வைத்து, சாயங்காலம் எல்லோரும் விளக்குப் போடும்போது எடுத்து விடுவார்களாம். புகை கிடையாது, நாற்றம் கிடையாது. மூக்கைப் பொத்தாமல் பார்க்கக்கூடிய கம்பெனி ஒன்று நம் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. அதைவிடப் பெரிய சேதி, எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வேலையாம். உள்ளூரில் அப்படி யார் இருக்கிறார்கள்? நம் மகிழினி ஒருத்திதான்! இரண்டு வருஷமாகச் செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிற பெண். சந்தோஷத்தில் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆனால் எங்கள் வாய் சும்மா இருந்ததா? நேற்று கருத்துக் கேட்புக் கூட்டம். ஷாமியானா, சமோசா, எல்லாம் ஜோர். ஆட்டோ ஓட்டுகிற நசீர் எழுந்து, "வெடிக்குமா சார்?" என்றான். தீயணைக்க எல்லா ஏற்பாடும் உண்டு என்றார் அதிகாரி. நான் முந்திக்கொண்டு கைதட்டினேன். அப்புறம் அந்த மனுஷர் குனிந்து எழுதிக்கொண்டே, "மழைக்காலத்துல இங்க தண்ணி எவ்வளவு நிக்கும்?" என்றார். அவ்வளவுதான். நமக்குத் தெரிந்த அதிகாரி யார்? வெள்ள நிவாரணம் எழுத வருகிறவர்தானே! இருபது வருஷமாக அந்தக் கேள்விக்கு நமக்கு ஒரே பதில்தானே பழக்கம்! கூட்டம் மொத்தமும் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய், "கழுத்தளவு சார்!" என்று கத்தியது. உன் அக்காள், "பீரோவே மெதந்துச்சு சார், ரெண்டு ஆடு அட்ச்சிகினு பூட்ச்சி!" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் ஆடே வளர்த்ததில்லை. முதலில் கத்தினவன் யார் என்று மட்டும் கேட்காதே, நான்தான்.

அதிகாரி பேனாவை மூடினார். "கழுத்தளவு தண்ணியில பேட்டரிய எப்படிங்க வெக்கிறது? வேற எடம்தான் பாக்கணும்." மகிழினி என் பக்கம் திரும்பினாள். "இன்னா நைனா, எனக்கு வந்த வேலைய நீயே கெடுத்துட்டியே!" எனக்குப் பேஜாராகிவிட்டது மச்சான்.

வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம் வைக்கிறார்கள். நீ இங்கே பிறந்து வளர்ந்தவன், தபால் ஆபீஸ் உத்தியோகம், சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிறவன். தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று நீ சொன்னால் எடுபடும். கணுக்கால், அதற்குமேல் ஒரு விரற்கடை கூடாது. லீவு போட்டுவிட்டுக் கட்டாயம் வா.

மாயாவை நாங்கள் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து நல்ல வேலைக்குப் போக எங்கள் ஆசி.

உன் வரவை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்,
அப்பாவு.

பி.கு.: தபாலில் போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இதைக் கட்டில்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று புதன்கிழமை காலை அந்த அதிகாரியே மைதானத்தை நேரில் பார்க்க வந்துவிட்டார். "கணுக்கால்தான் சார்" என்றேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி என்னையே பார்த்தார். அப்புறம், பரவாயில்லை, எட்டடிக்கு மண் கொட்டி மைதானத்தை மேடாக்கிவிடலாம், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, வேலையும் உறுதி என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். மகிழினிதான், "மைதானத்துல நிக்கிற தண்ணி அப்பால எங்க சார் போவும்?" என்று கேட்டாள். அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வூட்டுக்குள்ளதான் சார். நான் டூட்டிக்கு நீந்திகினுதான் வரணும்" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே, பொய் சொல்ல நீ வரவேண்டாம். முதலில் தண்ணீர் போக வழி வெட்டு, அப்புறம் மேடு போடு, அப்புறம் வேலை கொடு என்று வெள்ளிக்கிழமை அவளே பேசப்போகிறாள். என்னைக் கூட்டத்துக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.