இமையா அடிகளுக்கு ஒரு வாய் தேநீர்

ஊரே விழித்திருந்தது. காரணம், இமையா அடிகள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கண்ணே மூடாத மகான்! அவர் கண்ணொளியை நேரே பார்த்தால் பார்வை போய்விடுமாம். அதனால் நம் மேல் இரக்கப்பட்டு எப்போதும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருப்பார்.

"தூக்கம் ஒரு திருடன்! உங்க ஆயுள்ல மூணுல ஒரு பங்கைத் திருடுறான்!" என்பார் அடிகள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். திருடனை விரட்டக் கையில் கயிறு கட்டுவார். கயிறு இலவசம். முடிச்சுக்குத்தான் காணிக்கை.

பலன் கைமேல் தெரிந்தது. முடிதிருத்துபவர், கடைக்கு வந்த ஒருவருக்குப் பாதி மீசையை மழித்துவிட்டு மறுபாதியை மறந்துவிட்டார். மீசைக்காரருக்கும் அது தெரியவில்லை. அவரும் கயிறு கட்டியவர்.

இதைக் கேட்ட ஊர்த் தையல்காரிக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டுபவன். இரண்டு முடிச்சுக்காரன். ஒரு நாள் வேன் மரத்தை உரசி நின்றது என்று கேள்விப்பட்டதும் சிரிப்பு போய்விட்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில்தான் அவன் பிரேக்கை மிதித்திருக்கிறான்.

"தூங்கலடி. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு!"

"அப்ப மரம் எப்படித் தெரியாமப் போச்சு?"

தூக்கம் கெட்டால் கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி கடையைச் சாத்திவிடும். இரவு முழுக்க விழித்தவன் வண்டி ஓட்டுவதும் குடித்தவன் ஓட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். பகலெல்லாம் சேர்ந்த கழிவை மூளை கூட்டிப் பெருக்குவதும் பெரும்பாலும் நாம் தூங்கும்போதுதான். இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

அவள் வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாவியைக் குடுடி. நாளைக்கு லீவு, மூணாவது முடிச்சு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்."

"சரி, நானும் வர்றேன்."

மறுநாள் மண்டபம் பிதுங்கியது. அடிகள் மைக் முன்னாலேயே தியானத்தில் அமர்ந்தார். உடனே மேளம் முழங்கியது, காது கிழியும்படி. பேசும்போது அடிக்காத மேளம் தியானத்துக்கு மட்டும் ஏன்? தையல்காரி பக்கத்தில் இருந்த சீடரையே கேட்டாள்.

"கேள்வி கேட்டா முடிச்சு அவுந்துடும்மா!"

அவள் வெளியே போய் ஒரு கெட்டில் நிறையத் தேநீரோடு திரும்பினாள். மேளக்காரர்கள் கண்கள் சிவந்து, ஆடிக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கை ஓஞ்சு போச்சே. ஒரு வாய் குடிச்சுட்டு அடிங்க."

அவர்கள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பைகளை எடுத்தார்கள். மேளம் நின்றது.

கொர்ர்ர்ர்ர்... என்றது ஒலிபெருக்கி.

மண்டபம் திகைத்தது. சீடர் துள்ளி எழுந்தார். "அடிகள் பிரபஞ்சத்தோட பேசுறாரு!"

"எங்க வீட்டுக்காரரும் அதே பாஷைதாங்க பேசுவாரு" என்றபடி தையல்காரி மேடை ஏறிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

இமையாதவரின் இமைகள் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. வாயோரம் எச்சில். கண்ணைத் திறக்காமலே மைக்கில் முனகினார்: "இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம்மா..."

கூட்டம் கோபத்தில் கொதித்து எழுந்திருக்க வேண்டும். அதற்குள் யாரோ ஒருவர் கொட்டாவி விட்டார். அது மண்டபம் முழுக்கப் பரவியது. கலாட்டா செய்யக்கூடத் தெம்பில்லாமல் ஆளுக்கொரு பக்கம் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடிகள் பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார். நன்றாக ஓய்வெடுத்த உடம்பல்லவா, ஓட்டத்தில் நல்ல வேகம்.

வேன்காரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தான். தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு, சாவியை அவன் தலைமாட்டில் வைத்தாள். இனி பயமில்லை.

அவன் முனகினான். "எத்தனை பேரு கண்ணைத் தொறந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்! ஒருத்தனுக்கும் தெரியலையேடி."

"கண்ணைத்தானே தொறந்து வச்சிருந்தீங்க? இப்ப அதை மூடிட்டு நல்லாத் தூங்குங்க. எந்திரிச்சதும் மூளையைத் தொறங்க."