சந்தனம் வெச்ச அஞ்சு கம்ப்யூட்டரும் நானும்

இன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரிசல்ட்ட மேனேஜர் பாஸ்கர் சார் கையில குடுக்கணும், குடுத்துட்டு மாமியார் ஊருக்கு பஸ் ஏறணும்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு மருந்து கம்பெனில குப்பை கொட்டுறேன். எலி ஈரல்ல இருக்குற ஒவ்வொரு செல்லுலயும் இன்னா ஜீன் வேலை செய்யுதுன்னு தனித்தனியா கம்ப்யூட்டர்ல பாக்கணும். ஒரு மெஷின்ல போட்டா ஒரு நாள் பூரா ஓடும். எனக்கோ மத்தியானத்துக்குள்ள முடியணும்.

மேல ஐதராபாத் ஆபீஸ் கேக்குதாம். ரிசல்ட் வராம கேட்ட தாண்டக்கூடாதுன்னு சார் கறாரா சொல்லிட்டாரு.

வேப்பம்பட்டு ஊட்ல ரேவதி பையெல்லாம் கட்டி வெச்சிக்கினு காலையிலயே கேட்டா, இன்னிக்காவது நேரத்துக்கு வருவியான்னு. நான் சும்மா இருந்திருக்கலாம். ஷூ மாட்டிக்கினே கிளாஸ் எடுத்தேன்.

"வேலைய ஆறா பிரிச்சி, ஆறு மெஷின்ல ஒரே நேரத்துல ஓட்டுவேன். தனித்தனியா முடிச்சிக்கினு கடைசில ஒண்ணா சேரும். அதான் பேரலல். சீக்கிரம் முடிஞ்சிரும்."

அவ ஒரு மாதிரி பாத்தா.

என் திட்டத்தோட அழக பாருங்க. நாளைக்கு ஆயுத பூஜை லீவு. அதனால கம்பெனில இன்னிக்கே பூஜை. யாரும் கம்ப்யூட்டர தொடமாட்டாங்க, எல்லாம் சும்மாதான் கெடக்கும். ஆஹா, இன்னா மூளைடா உனக்குன்னு என்னையே மெச்சிக்கினேன்.

அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், வாசல் கேட்டுன்னு அஞ்சு மெஷின கேட்டு வாங்கி, ஆளுக்கொரு பங்கு ஓட விட்டேன். ஆறாவது என்னோடது. ஒவ்வொரு ஸ்கிரீன் மேலயும் 'ஆஃப் பண்ணாதீங்க'ன்னு கொட்டை எழுத்துல பேப்பர் ஒட்டினேன். அப்புறம் நிம்மதியா பூஜைக்கு பொரி பாக்கெட் போட போனேன்.

திரும்பி வந்து ஸ்டோர்ஸ்ல எட்டிப் பாத்தா, ரூம் அமைதியா இருக்கு. கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் கூட இல்ல.

ஸ்டோர்ஸ் முனுசாமி அண்ணன்தான் வருஷா வருஷம் பூஜை பண்றவரு. எல்லா மெஷினையும் அணைச்சி, தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி, பூ சாத்தி முடிச்சிட்டாரு. நான் ஒட்டின பேப்பருக்கும் மூணு பொட்டு.

அதுல எழுதியிருந்தத படிக்கலையா அண்ணேன்னு அழாத குறையா கேட்டேன்.

"படிச்சேன் நைனா. இன்னிக்கு ஒரு நாளாவது அதுங்க ரெஸ்ட் எடுக்க வேணாமா?"

என் மெஷின் மட்டும் ஓடிக்கினு இருந்திச்சி. பூட்டின ரூமுல இருந்ததால தப்பிச்சிருக்கு. அது தன் பங்கை முடிச்சிட்டு, மத்த அஞ்சும் வந்தாத்தான் சேப்பேன்னு நிக்குது. ஆள் ரொம்பாத ஷேர் ஆட்டோ மாதிரி.

அக்கவுண்ட்ஸ் செல்வி அக்காகிட்ட ஓடினேன். ஒரே ஒரு தபா ஆன் பண்ணிக்கறேன்க்கா, பொட்ட கலைக்காம பண்றேன்னு கெஞ்சினேன்.

"பூஜை போட்ட மெஷின நீ தொறப்ப, வருஷம் பூரா பேஜாரு எனக்கா?" ன்னுட்டு கீபோர்டு மேல ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்து வெச்சாங்க.

வேற வழியில்ல. பாஸ்கர் சார் ரூமுக்கு போய் உண்மைய சொன்னேன். லீவு போச்சி, ரேவதி மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு அது ஒரு பயம்.

சார் ஐதராபாத்துக்கு போன் போட்டாரு. ரொம்ப நேரம் அடிச்சி, வாட்ச்மேன் எடுத்தாரு. அங்கயும் எல்லா மெஷினுக்கும் மாலை போட்டு மூடிட்டாங்களாம். தசரா முடிஞ்சிதான் தொறப்பாங்களாம்.

"சரி, நீ கெளம்பு" ன்னாரு.

கேட்டுக்கு வெளிய ஓடி வந்து ரேவதிக்கு போன் போட்டேன். "முடிஞ்சிருச்சி! திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு, சேந்தே போலாம்!"

அவ பக்கம் பஸ் ஹாரன் சத்தம். "நான் திருத்தணியே தாண்டிட்டேன். நீதான காலையில கிளாஸ் எடுத்த? தனித்தனியா போனா சீக்கிரம் முடியும்னு. நீ பொறுமையா வந்து கடைசில சேந்துக்க."

ரயில் மாறி, பஸ் மாறி, பொரி பாக்கெட்ட கட்டிப் புடிச்சி நின்னுக்கினே மாமியார் ஊரு ஆர்.கே.பேட்டை போய் சேந்தப்போ எல்லாரும் சாப்ட்டு முடிச்சி கை கழுவிட்டு இருந்தாங்க.

எல்லாரும் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க, என் புரோகிராமா மாமியார் ஊட்டு வடை?