நான் கொடுக்காத கோழிக்குஞ்சுகள்

என்னைப் போன்ற ஆட்களுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் முதல் நாள் பின்னேரம்தான் வந்து சேரவேண்டும். பத்து நாள் அவகாசம் கொடுத்தால் நாங்கள் ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடுவோம். நான் ஆயத்தம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊர் முழுவதும் சாட்சி. (நம்பாவிட்டால் புதுக்குடியிருப்பிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி, எங்கள் சந்தியில் இறங்கி, “கோழி மிஸ்ஸின்ர வீடு எது?” என்று கேட்டுப் பாருங்கள். பாலர் பள்ளிப் பிள்ளையும் கை காட்டும்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சின்ன வயதிலிருந்தே மற்றவர்கள் கதைப்பதை ஒட்டுக்கேட்பது என் பழக்கம். அதைச் சம்பளத்துக்கே செய்யலாம் என்று தெரிந்ததும் உளவளத்துணையில் டிப்ளோமா படித்தேன். பிறகு மனநல சமூகப் பணியாளர் வேலைக்கு இரண்டு தடவை நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். இரண்டு தடவையும் ஒரே கேள்வியில் விழுந்தேன். “கள அனுபவம் இருக்கோ?” என்று கேட்டார்கள். முதல் தடவை “இல்லை” என்றேன். இரண்டாம் தடவை, புத்திசாலித்தனமாக, “மனசளவில இருக்கு” என்றேன். அவர்கள் நன்றாகச் சிரித்து, தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்கள்.

மூன்றாம் கடிதம் வந்தபோது அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“இதுதான் கடைசி. இதுவும் சரிவராட்டி பேசாமல் அத்தானின்ர கடையில போய் இரு.”

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். சந்தியில் கோழித்தீன் கடை வைத்திருக்கிறார். மிகவும் நல்ல மனிசன். எவ்வளவு நல்லவர் என்றால், எனக்கென்று ஒரு சுழல் கதிரை வாங்கி, சுற்றிவந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் காசு மேசைக்குப் பின்னால் போட்டுவிட்டார். நான் கடையைக் கடக்கும்போதெல்லாம் கூப்பிட்டுச் சொல்வார்: “மச்சாள், அவசரமில்லை. ஆனா கதிரை வந்திட்டுது.”

அந்தக் கதிரை கண்ணில் படாமலிருக்கத் தெருவின் எதிர்ப்பக்கத்தால் போகத் தொடங்கினேன். கருவாட்டுத் தூள் மணத்துக்கு நடுவில் அதில் நான் கிழவியாகும்வரை இருந்து சுழல்வது போலக் கனவு வேறு வந்தது. ஆகவே ஒரு முடிவெடுத்தேன். கள அனுபவம்தானே வேண்டும்? பத்து நாளில் நானே உண்டாக்கிக்கொள்கிறேன். ஊரில் வீடு வீடாகப் போய் மனிசரின் மனநிலையை விசாரித்துப் பழகுவது என்று திட்டம். சீலை உடுத்துப் பழக்கமில்லை என்பதால் சீலையும் உடுத்தேன். வெயிலுக்குக் குடை. கையில் ஒரு பைல், ஒரு புதுக் கொப்பி, சட்டையில் குத்திய பேனை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் சனம் பதிவுகளுக்குள் வாழ்ந்த சனம். இடம்பெயர்ந்த இடத்தில் பதிவு, முகாமில் பதிவு, திரும்பி வந்த பிறகு வீட்டுக்குப் பதிவு, கிணற்றுக்குப் பதிவு, ஆட்டுக்குப் பதிவு. சீலை உடுத்த ஒரு பெண் குடையோடு வந்து, கஷ்டத்தைக் கேட்டு, கொப்பியில் எழுதினால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஏதோ கொடுக்கப் போகிறார்கள். எழுதப்படாதவருக்குக் கிடைக்காது. இது அங்கேயே பிறந்து, அதே வரிசைகளில் அம்மாவின் கையைப் பிடித்து நின்று வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் டிப்ளோமா படித்தவளுக்கு அது மறந்துபோயிற்று.

முதலில் போனது பக்கத்து வளவு பரமேஸ்வரியக்காவிடம். அவர் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, மனம் எப்பிடி இருக்கு?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆற்ற மனம்?”

“உங்கட மனம்.”

“மனத்துக்கு என்ன வந்தது? கூரைதான் ஒழுகுது.”

சொல்பவரின் உணர்வைப் பிடிக்கவேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நான் பிடித்தேன்.

“கூரை ஒழுகேக்க உங்களுக்கு எப்பிடியான உணர்வு வருது, அக்கா?”

“நனையிற உணர்வுதான். உனக்கென்ன பிள்ளை, விசரே?”

நான் அசரவில்லை. கொப்பியைத் திறந்து, ‘கூரை ஒழுகுகிறது, நனையும் உணர்வு’ என்று எழுதினேன். அதைப் பார்த்ததும் பரமேஸ்வரியக்காவின் முகமே மாறியது. கையைக் கழுவினார். உள்ளே ஓடிக் கதிரை கொண்டுவந்து துடைத்துப் போட்டார். பிஸ்கற்றோடு தேத்தண்ணி வந்தது. அதுவரை ‘நீ’ என்றவர் ‘நீங்கள்’ என்றார்.

“எழுதுறியளோ, பிள்ளை? அப்ப கோழிக்கூடு இல்லை எண்டதையும் எழுதுங்கோ.”

என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போனேன். கூடு இல்லாததையும் எழுதினேன். பிறகு நான் கேட்காமலே அவர் தன் மகளைப் பற்றித் தொடங்கினார். கலியாணம் முடித்துக் கொக்கிளாய்ப் பக்கம் போனவள். ஒரு சின்ன வாய்த்தர்க்கம், அதற்குப் பிறகு வருவதுமில்லை, போனில் கதைப்பதுமில்லை. நடுவில் அழுதார், பிறகு மகளைத் திட்டினார், பிறகு தன்னையே திட்டினார். மீன் சட்டியில் இலையான் மொய்த்தது. அவர் சொல்லி ஓயும்வரை நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இன்னும் சில வீடுகளுக்குப் போனேன். எல்லா இடத்திலும் கதிரை, தேத்தண்ணி, ராச மரியாதை. (வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் கோபிப்பார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது வயிறு தண்ணீர்த் தாங்கி மாதிரிக் குலுங்கியது.) மறுநாள் நான் போகாத வீட்டுக்காரர்களே வழியில் மறித்தார்கள். “எங்கட பக்கம் எப்ப வருவியள்?” அடடா, மனநலம் பற்றிச் சனத்துக்கு இவ்வளவு விழிப்புணர்வா என்று மெய்சிலிர்த்தேன். மடைச்சி!

விசயம் அதற்குள் சந்திக்குப் போய்விட்டது. முதலில் கோழிக்குஞ்சு என்றார்கள். பிறகு அது ஆடாயிற்று. ஊரின் மறுகரைக்குப் போனபோது தையல் மெஷின். யாரோ போய் அத்தானிடம், “உங்கட மச்சாள் கோழி குடுக்கப் போறாவாமே?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு சொல்லில் “இல்லை” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வியாபாரி.

“எனக்குத் தெரியாது,” என்றாராம். “ஆனா கோழி வந்தாப் பிறகு தீனுக்கு ஓடித் திரியாதேங்கோ.”

அந்தக் கிழமை அவர் கடையில் தீன் மூட்டைகள் பறந்தன.

நேர்முகப் பரீட்சை நாள் காலை, சீப்பால் தலை இழுத்துக்கொண்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். எங்கள் கேற் வாசலிலிருந்து கோயில் திருப்பம்வரை வரிசை. நான் முல்லைத்தீவுக்குப் போவது பேர்களைக் கொடுக்கத்தான் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. எல்லோர் கையிலும் அடையாள அட்டை போட்டோக்கொப்பி. ஒரு தாத்தா குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தார். வரிசையில் அடிபிடி இல்லை, சத்தமில்லை. எங்கள் சனத்துக்கு வரிசையில் நிற்கத் தெரிந்த மாதிரி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

“ஐயோ, நான் ஒண்டும் குடுக்கேல்லை!” என்று கத்தினேன். “நான் சும்மா பழகிப் பாத்தனான்!”

“அப்ப எங்கட பேர் விடுபட்டுப் போச்சோ?” என்று ஒரு அம்மா கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

விளக்கம் சொல்ல நேரமில்லை. முல்லைத்தீவு பஸ் வரப்போகிறது. “போட்டோக்கொப்பியளை வாங்கிக்கொண்டு ஓடு, பிறகு பாப்பம்,” என்று அம்மா என் பைலைப் பறித்து, வந்த தாள்களையெல்லாம் அதற்குள் திணித்தார். இடம் காணவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்த ஏதோ தாள்களை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மிச்சத்தைத் திணித்தார். அத்தான் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் தீன் மூட்டைக்கு மேல் என்னை ஏற்றிச் சந்தியில் கொண்டுபோய் இறக்கினார். சீலையெல்லாம் தவிடு. பஸ்ஸில் ஏறி மூச்சு விட்டுத் திரும்பினால், பக்கத்து சீற்றில் பரமேஸ்வரியக்கா.

“நானும் வாறன்,” என்றார். “நீங்கள் கூச்சக்காரி. கோழி வேண்டாம், ஆடு தாங்கோ எண்டு பெரியாக்களிட்ட நான்தான் கேக்கவேணும்.”

“அக்கா, இது எனக்கு வேலை கேட்டுப் போறது!”

“ஓமோம், சொல்லுங்கோ, சொல்லுங்கோ. ஆருக்கும் சொல்லமாட்டன்,” என்று கண்ணடித்தார்.

நேர்முக அறையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். சிரிக்காத முகம். முதல் வசனமே, “சான்றிதழ்களைத் தாங்கோ.”

பைலை நீட்டினேன். மேடம் திறந்தார். அடையாள அட்டைப் படத்திலிருந்து ஒரு கிழவர் அவரைப் பார்த்தார். அடுத்த தாளில் இன்னொரு கிழவர். பிறகு ஒரு குடும்பம் முழுவதும். மேடம் புரட்டப் புரட்ட எங்கள் ஊர்ச் சனம் வரிசையாக வந்துகொண்டேயிருந்தது. என் டிப்ளோமா மட்டும் வரவில்லை. அது அலுமாரிக்கு மேல் படுத்திருக்கிறது என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. கண்ணுக்கு முன்னால் அந்தக் கதிரை ஒரு சுற்றுச் சுற்றியது.

“இதென்ன பிள்ளை?” என்றார் மேடம்.

பொய் சொல்ல மூளை வேலை செய்யவில்லை. கடிதம் வந்த நாளிலிருந்து லாண்ட்மாஸ்டர் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இடப்பக்கம் இருந்தவர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மேடம் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். கம்பிக்கு வெளியே பரமேஸ்வரியக்காவின் முகம்.

“அவா ஆர்?”

“ஆட்டுக்கு வந்தவா,” என்றேன்.

மேடம் அக்காவை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். பிறகு என்னிடம், “கோழி வராதெண்டு அவாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறம்,” என்றார்.

இதை எப்படிச் சொல்வதென்று எந்தப் பாடக் குறிப்பிலும் எழுதியிருக்கவில்லை. இரண்டு தடவை தோற்றபோது வராத வெட்கம் இப்போது வந்தது.

“அக்கா, ஒண்டும் வராது. கோழியும் வராது, ஆடும் வராது. நான் இந்த வேலைக்குப் பழகத்தான் உங்கட வீட்டை வந்தனான். உங்களை ஆசைகாட்டி ஏமாத்தின மாதிரிப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“ஒண்டுமே வராதோ?”

“வராது அக்கா.”

பரமேஸ்வரியக்கா மடியில் இருந்த போட்டோக்கொப்பியை நாலாக மடித்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது.

“அப்ப அண்டைக்கு என்ர பிள்ளையின்ர கதையை ஏன் அவ்வளவு நேரம் கேட்டனி?” என்றார். “நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கூரையை எழுதினாய், கூட்டை எழுதினாய். அதை நீ எழுதேல்லையே.”

“எழுத மறந்துபோனன், அக்கா. கேட்டுக்கொண்டு இருந்திட்டன்.”

அக்கா மடித்த தாளை இடுப்பில் செருகினார். பிறகு எழும்பிச் சீலையைச் சரிசெய்தார்.

“இன்னும் மிச்சக் கதை இருக்கு. வெள்ளிக்கிழமை வா. கொப்பியைக் கொண்டு வராதே.”

மேடம் பைலை மூடி என்னிடம் தந்தார். “சான்றிதழை நாளைக்குக் கொண்டு வாங்கோ,” என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் வேலை கிடைக்காதவளிடம் யாராவது சான்றிதழ் கேட்பார்களா? வெளியே வந்து ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோசமா, வெட்கமா, காலையிலிருந்து சாப்பிடாத பசியா என்று இன்றுவரை தெரியாது. நெஞ்சில் ஏறியிருந்த ஒரு தீன் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பரமேஸ்வரியக்கா எனக்கு றோல்ஸ் வாங்கித் தந்தார்.

நியமனக் கடிதம் வருமுன்பே வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். சிலர் அதற்கும் தேத்தண்ணி தந்தார்கள். விற்ற தீனை அத்தான் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். தீன் வீணாகிறதே என்று பாதிப்பேர் சொந்தக் காசில் கோழி வாங்கினார்கள். ஆக, எங்கள் ஊருக்குக் கோழி வந்தது என்னால்தான் என்று அத்தான் இப்போதும் அடித்துச் சொல்வார். அந்தக் கதிரையில் அவரே இருக்கிறார். பிளாஸ்டிக் இன்னும் உரிக்கவில்லை. “அவசரமில்லை, மச்சாள்,” என்பார். போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவோ என்னை எங்கே கண்டாலும் விடமாட்டார்: “தங்கச்சி, அடுத்த இன்ரவியூ எப்ப? அண்டைக்கு மெஷின் சூடேறி நிண்டுட்டுது. இந்த முறை முன்கூட்டியே சொல்லுங்கோ.”

இப்போது எந்த வீட்டுப் படலையைத் திறந்தாலும் என் முதல் வார்த்தை, “நான் ஒண்டும் குடுக்க வரேல்லை” என்பதுதான். “தெரியும் மிஸ், வந்து இருங்கோ,” என்பார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து பரமேஸ்வரியக்காவிடம் போகிறேன். கொப்பி இல்லாமல்தான். மகள் இப்போது போனில் கதைக்கிறாள். கதைத்து, சண்டை பிடித்து, திரும்பக் கதைக்கிறாள். ஆகவே மிச்சக் கதை முடிகிற பாடாக இல்லை. போன கிழமை நான் எழும்பியபோது, தன் கோழிகள் இட்ட முட்டைகளை ஒரு பையில் போட்டு என் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

“கொண்டுபோ. போய் இதை மட்டும் கொப்பியில எழுது,” என்றார். “கோழி தாறன் எண்டு வந்தவளுக்கு முட்டை குடுத்து அனுப்பினது நான்தான் எண்டு.”