ராஜினாமா கேட்ட அரைநாள் லீவு

வட ஆற்காடு ஜில்லாவில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். வேலையை விடத் தெரிந்தவர் ஒருவர்தான். ஆம்பூரில் அவரை ‘ராஜினாமா’ என்று கேட்டால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தோல் பதனிடும் டேனரியின் ஆஜர் புத்தகத்தில் தினமும் எழுதியவன் நான். ஒரு நாள் அந்தப் பெயரைச் சொல்லி அவர் தெருவில் விசாரித்தேன். “அப்டி யாரும் இங்க இல்லியே” என்று பதில் வந்தது. சொன்னவர் அவரேதான்.

எங்கள் பக்கத்தில் வேலையை விடுவது சுலபம். இன்றைக்கு வந்தவன் நாளைக்கு வரமாட்டான். மூன்றாம் நாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். ராஜினாமாவுக்கு இது பிடிக்காது. எழுதிக் கொடுத்துவிட்டு விட வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். கைநாட்டு வைக்க வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாது. டேனரியில் ரைட்டராக இருந்த என்னிடம் வருவார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பதுக்குக் கொஞ்சம் கம்மி.

“ஜாஸ்தி எழுதாத, ரைட்டரே. ‘ஐயா’ன்னு ஆரம்பி. கோவம் தெரியக் கூடாது. ஆனா திரும்பி வரமாட்டான்னு புரியணும்” என்பார்.

ரயில்வே கேட்டில் இருந்தபோது அவர் சொன்ன காரணம்: “நாள் முழுவதும் ரயிலுக்காகக் காத்திருக்கிறேன். வருகிற ரயில் என்னைப் பார்ப்பதே இல்லை.” ராணிப்பேட்டைக்கு வண்டி ஓட்டியபோது: “நடப்பது மாடு. நான் எதற்கு என்று அதுவே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது.” தையற்கடையில்: “மாமனார் வந்தார். முகம் தெரியவில்லை. முப்பத்தெட்டு அங்குலம் என்றுதான் தெரிந்தது.” அரக்கோணம் ஜங்ஷனில் சொந்தமாக முறுக்கு விற்றதையும் ராஜினாமா செய்தார். முதலாளி அவரே என்பதால் கடிதத்தை ஒரு நாள் மடியில் வைத்திருந்து யோசித்தாராம். மறுநாள் என்னிடம் கொண்டுவந்து, “ஏத்துக்கிட்டேன்னு கீழ எழுது” என்று சொல்லி, இன்னொரு கைநாட்டும் வைத்தார்.

இப்படி நான் எழுதியவை பதினொன்று. பன்னிரண்டாவதைத் தடுக்க அவர் மனைவி அஞ்சலை புறப்பட்டாள்.

அஞ்சலை எங்கள் டேனரியில் ஆவாரம்பட்டை இடிப்பவள். மேஸ்திரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, புருஷனுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை வாங்கினாள். மேஸ்திரி ஒரு நிபந்தனை போட்டார்.

“இவன் என்னைக்காவது லெட்டர் நீட்னான்னா, ரெண்டு பேருமே வெளிய. இன்னா?”

“நீட்ட மாட்டாரு மேஸ்திரி” என்றாள் அஞ்சலை. பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

“அண்ணா, கைய நீட்டு.”

நீட்டினேன். ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

“அவருக்கு இனிமே ராஜினாமா எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணு. இந்த வேலையும் போச்சுன்னா புள்ளைங்கள இட்டுக்கினு ஆலங்காயம் போய்டுவேன். அங்க தேடிக்கினு வந்தாருன்னா எங்கண்ணன் அவரு உயிரயே ராஜினாமா பண்ண வெச்சிடுவான்.”

சத்தியம் செய்தேன். உள்ளங்கை சாயங்காலம் வரை எரிந்தது.

முதல் வாரம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று. எனக்கே கவலையாகிவிட்டது. உடம்பு சரியில்லையோ என்று குழிப்பக்கம் போய்ப் பார்த்தேன். விளிம்பில் குந்தி, ஒரு தோலைத் தூக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

“இன்னா, லெட்டர் வேணாமா?” என்றேன்.

“சும்மா இரு ரைட்டரே. மலை ஆட்டுத் தோலு ஒரு மாதிரி ஊறுது, ஊர் ஆட்டுத் தோலு ஒரு மாதிரி ஊறுது. நாளைக்கு எப்டி இருக்கும்னு இன்னிக்குத் தெரியல. ரயிலு அப்டியா? நாளைக்கும் அதே ரயிலுதான்.”

தோல் விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மயிர் கழல்வதற்காகத் தோலைச் சில நாள் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். கம்மியாக ஊறினால் மயிர் வராது. கூடுதலாக ஊறினால் தோல் நைந்துபோகும். பிறகு எந்தப் பட்டைச் சாறும் அதைக் காப்பாற்றாது. எங்கள் மேஸ்திரி இதற்குச் சுவரில் கணக்கு வைத்திருந்தார். ஒவ்வொரு குழிக்கும் எதிரே தினமும் காலையில் ஒரு கரிக்கோடு. கோடை காலத்தில் ஏழு கோடு விழுந்த அன்று தோலை வெளியே எடுக்க வேண்டும். சுவர் சொல்லாமல் ஒரு தோலும் வெளியே வராது.

ரம்ஜான் முடிந்த வாரம். கத்திரி வெயில். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று காலை பத்து மணிக்கே குழித் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. நாலாம் குழிக்கு எதிரே ஆறு கோடு. ராஜினாமா ஒரு தோலை இழுத்து விரலை வைத்தார். மயிர் கொத்தோடு வந்தது. இன்னொன்றை இழுத்தார். அதுவும் அப்படியே வந்தது. நேரே மேஸ்திரியிடம் போனார்.

“நாலாம் குழி ஆய்ப்போச்சு மேஸ்திரி. இப்பவே எடுத்துடலாம்.”

மேஸ்திரி சுவரைக் காட்டினார். “எத்தினி கோடு?”

“ஆறு. ஆனா தோலு ஏழுங்குது.”

“யாரு மேஸ்திரி? நானா, தோலா?”

பத்துப் பதினைந்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரி அவர்களைப் பார்த்தார். அத்தனை பேர் எதிரில் இனி அவரால் இறங்கிவர முடியாது.

“நாளைக்குக் காலைல எடுக்கறோம். அதுக்கு முன்ன எவனாவது குழில கை வெச்சான், அப்டியே கேட்டுக்கு வெளிய போய்டணும்.”

முதலாளி மதராசில் இருந்தார். மறுநாள் மாலை ரயிலில்தான் வருவார். மேஸ்திரிக்கு மேலே கேட்க அன்றைக்கு ஆள் கிடையாது.

உச்சி வேளையில் ராஜினாமா என் அறைக்கு வந்தார். வலது கட்டைவிரல் சுண்ணாம்பில் வெளுத்திருந்தது. அந்த விரலை அப்போதே மை தொடப் போவதுபோல் நீட்டிக்கொண்டிருந்தார்.

“எழுது ரைட்டரே.”

“மாட்டேன். அஞ்சலைக்குச் சத்தியம் பண்ணிருக்கேன்.”

“கேளு. வேலைல இருக்கிற வரைக்கும் மேஸ்திரி பேச்சக் கேக்கணும். வேலைய விட்டுட்டா கேக்க வேணாம் இல்ல? இப்ப விட்டுடறேன். விட்டுட்டுப் போய்த் தோல எல்லாம் வெளிய எடுத்துப் போட்டுட்டு, அப்டியே வீட்டுக்குப் போய்டறேன்.”

பதினொரு வேலையைப் பிடிக்காமல் விட்ட மனிதர், பிடித்த ஒரே வேலையை, அதைச் செய்து முடிப்பதற்காகவே விட நினைத்தார்.

“வீட்டுக்குப் போனா அங்க யாரு இருப்பா?” என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். வெளியே பட்டை இடிக்கும் சத்தம் கேட்டது. அதில் ஒரு உலக்கை அஞ்சலையுடையது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“வேலைய விடவும் கூடாது, வேலைல இருக்கவும் கூடாது. இதுக்கு இங்கிலீஷ்காரன் ஒண்ணும் கண்டுபுடிக்கலியா?” என்றார்.

“கண்டுபுடிச்சிருக்கான். லீவு.”

எங்கள் டேனரியில் கூலியாள் யாரும் அதுவரை லீவு கேட்டதில்லை. அவர் கண் விரிந்தது. “அது எத்தினி நாள் கெடைக்கும்?”

“எத்தினி நாள் வேணும்?”

“அர நாள் போதும். நாலாம் குழி மட்டுந்தானே?”

‘அவசர வேலை ஒன்று வந்துவிட்டபடியால் இன்று மதியத்திலிருந்து அரைநாள் லீவு அளிக்க வேண்டுகிறேன்’ என்று எழுதினேன். கைநாட்டு வைத்தார். சுண்ணாம்பின் மேல் மை சரியாக ஒட்டவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமாகப் போனார்.

லீவைப் பதிய ஆஜர் புத்தகத்தைத் திறந்தேன். அப்போதுதான் என் கையெழுத்தே எனக்கு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. முதலாளி பெருநாளுக்கென்று ஒரு நாளைச் சொல்லியிருந்தார். முந்தின மாலை மேகமாக இருந்ததால் பிறை தெரியவில்லை. டேனரி அன்றைக்கும் மூடியிருந்தது, உண்மையான பெருநாளான மறுநாளும் மூடியிருந்தது. புத்தகத்தில் இரண்டு கட்டத்திலும் ‘பெருநாள்’ என்று எழுதியிருந்தேன். மேஸ்திரியோ வருஷா வருஷம் செய்வதுபோல், திரும்பி வந்த அன்று பெருநாளுக்கு ஒரே ஒரு கோடு போட்டிருந்தார். நாலாம் குழிக்கு அன்றைக்கு ஏழாவது நாள். சுவருக்குத்தான் ஆறாவது.

இது தெரிந்ததும் நான் என்ன செய்தேன் என்று சொல்லியாக வேண்டும். பேனாவைக் கீழே வைத்தேன். நாற்காலியை விட்டு எழவில்லை. மேஸ்திரி முதலாளியின் இருபது வருஷத்து ஆள். நான் இரண்டு வருஷத்து ஆள்.

வெளியே கூச்சல் கிளம்பியது. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் போய் நின்றேன்.

ராஜினாமா குழிக்குள் தொடை ஆழத்தில் நின்று தோல்களை இழுத்து விளிம்பில் போட்டுக்கொண்டிருந்தார். தனி ஆள். குழியில் சில நூறு தோல். மேஸ்திரி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார்.

“ஏறுடா மேல!”

“நா லீவுல இருக்கேன் மேஸ்திரி.”

“லீவுல இருக்கறவனுக்குக் குழில இன்னா வேலை?”

“அவசர வேலை. லெட்டர்ல போட்டிருக்குது பாரு.”

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி திரும்பியதும் சிரிப்பு நின்றது. “வாட்ச்மேனக் கூப்புடு” என்றார். அவர் குரல் தணிந்துவிட்டது. கத்தும்போது இல்லாத பயம் எனக்கு அப்போது வந்தது.

உலக்கைச் சத்தம் நின்றிருந்தது. அஞ்சலை வந்தாள். தலையெல்லாம் பட்டைத் தூள். மேஸ்திரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் கை அடித்த அடியே தேவலை.

“எழுதிட்டியாண்ணா?”

“ராஜினாமா இல்லம்மா. அரைநாள் லீவு.”

“நெஜமா?”

“சத்தியமா.”

அவள் குழிப்பக்கம் திரும்பினாள். “இந்தாய்யா, தோலு கெட்டுப்போச்சா?”

“இன்னும் இல்ல. பொழுது சாஞ்சா போய்டும்” என்றார் அவர், இழுப்பதை நிறுத்தாமல்.

“அப்பறம் ஏன் இத்தினி பேரு நின்னு வேடிக்க பாக்கறீங்க?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, சேலையை வரிந்து செருகிக்கொண்டு விளிம்பில் இறங்கினாள். அவர் நீட்டிய தோலின் மறுமுனையைப் பிடித்தாள்.

இரண்டு வேலையும் ஒரு குடும்பமும் அந்தத் தோலில் தொங்கின. அதற்குப் பிறகும் வாசற்படியில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. மேஸ்திரியிடம் நடந்துபோய், ஆஜர் புத்தகத்தைத் திறந்து அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிடித்தேன்.

“பெருநாளுக்கு ரெண்டு நாள் மூடியிருந்தோம் மேஸ்திரி” என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். உதடு அசையாமல் விரல்விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். வாட்ச்மேன் தடியோடு வந்து நின்றான். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“இன்னாங்கடா மரம் மாதிரி நிக்கிறீங்க? நாலாம் குழிய எடுக்கணும்னு எத்தினி தபா சொல்றது? எறங்குங்க! வாட்ச்மேன், தடியப் போட்டுட்டு நீயும் எறங்கு!”

நாலு மணிக்குள் குழி காலியானது. அடியில் கிடந்த சில தோல் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது. மறுநாள் வந்த முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. சுவரில் மட்டும் ஒரு கோடு கூடியிருந்தது.

மேஸ்திரி நியாயஸ்தர். லீவு லீவுதான் என்று சொல்லி, ராஜினாமாவுக்கு அரைநாள் ஆஜரை வெட்டச் செய்தார். ராஜினாமா அந்தப் பாதிக் குறியைப் பார்ப்பதற்காகவே என் அறைக்கு வந்தார். “நல்லா இருக்குது” என்றார். அதற்குப் பிறகு குழி எடுக்கும் நாளில் மேஸ்திரி முதலில் சுவரைப் பார்ப்பார். பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, “இன்னாயா, விரலு இன்னா சொல்லுது?” என்பார்.

அதற்கடுத்த வருஷம் மதராசில் ஒரு பத்திரிகையில் எனக்கு வேலை கிடைத்தது. நான் ஆசைப்பட்ட வேலை. டேனரிக்கு எழுதிக் கொடுக்கக் காகிதத்தை எடுத்து வைத்தேன். பதினொரு ராஜினாமா எழுதிய கைக்குப் பன்னிரண்டாவது வரவில்லை. ‘ஐயா’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“மொத தபா அப்டித்தான் இருக்கும். நா சொல்றேன், நீ எழுது.”

அவருக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்கியங்களையே ஒன்று விடாமல் சொன்னார். கோபம் தெரியவில்லை. திரும்பி வரமாட்டான் என்று புரிந்தது. முடிந்தது என்று நினைத்துப் பேனாவைக் கீழே வைக்கப் போனேன்.

“இரு, இன்னும் ஒண்ணு. ‘இந்த ரைட்டர் போறது எங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனாலும் போகட்டும்.’ எழுது.”

“ராஜினாமாவுல இதெல்லாம் எழுதக் கூடாதுப்பா.”

“எழுது, நா சொல்றேன்.”

எழுதினேன். பத்திரிகையில் சேர்ந்த நாளிலிருந்து, பிறர் எழுத்தில் வேண்டாத வரியை வெட்டுவதுதான் என் பிழைப்பு. அந்த வரியை நான் வெட்டவில்லை.