தம்பிராஜாவின் ஒற்றை சீட்டு

நாடு சுதந்திரம் வாங்கப் போகிறது, நாமும் வாங்கிவிடுவோம் என்று தம்பிராஜா தீர்மானித்தான். ஐம்பத்தேழாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். நாடு வெள்ளைக்காரனிடம் வாங்க வேண்டியிருந்தது. தம்பிராஜா மனைவி ருக்மணியிடம் வாங்க வேண்டும். நாட்டின் பாடு சுலபம்.

அவனுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை. அது போதும்.

அரசாங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வாரம் முழுக்க மேசை. ஞாயிறு வந்தால் மாமியார் வீடு. காஜா பேராங் வீட்டிலிருந்து மாமியாரின் புக்கிட் ரம்பாய் வரை மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் ருக்மணி உட்கார்ந்து வருவாள். ஒரு கையில் சேலைத் தலைப்பு, மறு கையில் தம்பிராஜாவின் இடுப்புச் சதை. திரும்பும்போது பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு பலாப்பழம், கைப்பிடியில் தலைகீழாகக் கோழிகள். மாமியார் பூங்காவனம் யாரையும் வெறுங்கையோடு அனுப்புகிறவள் இல்லை. அதே நேரத்தில் அவன் கூட்டாளி நல்லையா தஞ்சோங் கிளிங் கடற்கரையில் காலை நீட்டிக் கோப்பி குடித்துக்கொண்டிருப்பான். இதை எத்தனை வருஷம் பொறுப்பது?

வழி ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் கிடைத்தது. எங்கோ ஒரு சீமையில், மண் தரையில், வட்டமாக மோட்டார் சைக்கிள் ரேஸ். வண்டிகளுக்கு மட்கார்டு இல்லை. அலங்காரம் இல்லை. முக்கியமாக, பின் சீட்டு இல்லை.

அன்றைக்கே ஸ்பேனரை எடுத்தான். மாலை கோப்பி கொண்டுவந்த ருக்மணி வண்டியைச் சுற்றி வந்தாள்.

"பின் சீட்டு எங்கங்க?"

"கழட்டிட்டேன். இது இனிமே ரேஸ் வண்டி, ருக்கு. ரேஸ் வண்டிக்கு ஒரே சீட்டுதான்."

"யாரு ரேஸ் ஓடறது?"

"நான்தான். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு பாடாங் திடல்ல மண் ரேஸ் வைக்கப் போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறா?"

அவனும் நல்லையாவும்தான் பேசிக்கொண்டார்கள். அதை அவன் சொல்லவில்லை.

"அப்ப எங்கம்மா வீட்டுக்கு நான் எதுல போறது?"

"கொஞ்ச நாளைக்குப் போகாம இருந்தா உங்கம்மா கரைஞ்சா போயிடுவாங்க?"

ருக்மணி அழவில்லை. கத்தவில்லை. பாத்திரத்தை 'ணங்' என்று வைக்கக்கூட இல்லை. விவரமுள்ள புருஷன் இந்த இடத்தில் பயப்பட வேண்டும். தம்பிராஜா விசிலடித்தான்.

இரண்டொரு நாள் கழித்து அவளே பத்திரிகையும் கையுமாக வந்தாள்.

"என்னங்க, நம்ம வண்டி இந்தப் படத்துல இருக்கிற மாதிரி இல்லையே."

"ஏன், என்ன குறை?"

"படத்துல கைப்பிடி எருமைக் கொம்பாட்டம் விரிஞ்சு நிக்குது. நம்மளது வெள்ளாட்டுக் கொம்பு. மதிப்பா இல்லீங்க. நாலு பேரு பாத்தா, சீட்டை யாரோ திருடிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க."

ரோஷம் வந்துவிட்டது. நேரே சின்னப்பாவின் பட்டறைக்குப் போனான். சின்னப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டரை முழத்துக்கு ஒரு கைப்பிடியை எடுத்து மாட்டினான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, பின் பல்சக்கரத்தையும் பெருசாப் போட்டுடலாம். மண்ணுல நல்லா இழுக்கணும்ல?"

"ஆமாமா, இழுக்கணும்."

"வேகம் குறையும்."

"பரவால்ல, போடு."

சின்னப்பா மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. தம்பிராஜா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

வண்டி உள்ளபடியே நன்றாக அமைந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி உட்காரலாம். முழங்கை இரண்டும் சண்டைச் சேவலின் இறக்கை போல விரியும். ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், கயிற்றை அறுத்த காளை. பாசார்ச் சந்தைக் கூட்டத்தில் நடை வேகத்துக்குப் போனாலும் முக்காது, முனகாது. இரண்டாம் கியரிலேயே டவுன் முழுக்கச் சுற்றிவிடலாம். நீண்ட தார்ச்சடக்கில் விரட்டினால் மட்டும் ஊரைக் கூட்டும். நாற்பது மைலைத் தாண்டினால் பல் ஆடும், ஓட்டுகிறவனுக்கு.

சில்லறைத் தொந்தரவுகளும் இருந்தன. வீட்டுச் சந்துக்குள் கைப்பிடி நுழையவில்லை. வண்டியைக் கட்டில் மாதிரி சாய்த்துக் கொண்டுபோக வேண்டும். மட்கார்டு இல்லாததால், மழை பெய்தால் பின்சக்கரம் சேற்றை வாரி முதுகெலும்பு நெடுகக் கோடு போட்டது. ஆபீஸில் பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"என்னய்யா, உன்னை ராமர் ஒரு விரலால மட்டும் தடவினாரா?"

அந்தச் சட்டையை ருக்மணி முகம் சுளிக்காமல் துவைத்தாள். "ரேஸ்காரங்க சட்டைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள். கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும் என்று தம்பிராஜா நெகிழ்ந்தான். கட்டி எட்டு வருஷமாகியிருந்தது.

இரண்டு ஞாயிறு தஞ்சோங் கிளிங் போனான். கோப்பி சுமார். காற்று பரவாயில்லை. சுதந்திரம் பிரமாதம்.

அடுத்த ஞாயிறு பசியாறிவிட்டு வாசலுக்கு வந்தான். சின்னப்பா வண்டியின் இடப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். வண்டிக்கு மூன்றாவதாக ஒரு சக்கரம் முளைத்திருந்தது. அதன் மேல் படகு மாதிரி ஒரு தொட்டி.

"டேய்! என்னடா இது?"

"சைட்கார் அண்ணே."

"யாரைக் கேட்டு மாட்டறே?"

சின்னப்பா ஸ்பேனரை வீட்டுப் பக்கம் நீட்டினான். பட்டுச்சேலையும் பூவுமாக ருக்மணி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா முட்டை குடுக்கிற தோட்டத்துத் துரை இருக்காருல்ல, அவரு ஊருக்கே திரும்பிப் போறாராம். இதை யாரு தலையில கட்டறதுன்னு பாத்திருக்காரு. அம்மா கேட்டு வாங்கிட்டாங்க. துரை ரெண்டு நாயை இதுல வச்சுத்தான் ஊரைச் சுத்துவாராம். நல்ல அகலங்க."

"ருக்கு! இது ரேஸ் வண்டி! இதுல போய் நாய்த் தொட்டியை..."

"நீங்க சீட்டைக் கழட்டின மறுநாளே சின்னப்பா அண்ணனைக் கேட்டேன். இருக்கிற வண்டியில மாட்ட முடியாதுன்னுட்டாரு. கைப்பிடி குட்டை, தொட்டியோட திருப்ப முடியாதாம். கியரு வேகத்துக்கு உள்ளது, பாரம் இழுக்காதாம். ரெண்டையும் மாத்தினா ஆகும்னாரு. நான் சொன்னா மாத்துவீங்களா நீங்க?"

தம்பிராஜா சின்னப்பாவைப் பார்த்தான். சின்னப்பாவுக்குத் திடீரென்று ஒரு நட்டின் மேல் அளவு கடந்த அக்கறை வந்திருந்தது.

"துரோகி."

"அக்கா கேட்டாங்க அண்ணே. நான் என்ன செய்ய?"

வேறு வழியில்லை. கிளம்பினான். வண்டி இடப்பக்கமாக இழுத்தது. அவன் எருமைக் கொம்பைப் பிடித்து வலப்பக்கமாக மல்லுக்கட்டினான். ஆனாலும் என்ன இழுவை! மேட்டில்கூடத் திணறவில்லை. ரேஸுக்கென்று செய்த வேலை ஒன்றுகூட வீண் போகவில்லை. தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ருக்மணி தொட்டியிலிருந்து கையசைத்தாள். தம்பிராஜா நேரே பார்த்து ஓட்டினான்.

பாதி வழியில் அவள் எட்டி அவன் முழங்கையைத் தட்டினாள்.

"என்னங்க, பாவம் நீங்க. ஒரு ஞாயிறு கூட ஓய்வில்ல. இதோட சரி. இனிமே ஞாயித்துக்கிழமை புக்கிட் ரம்பாய்க்கு வர வேண்டாம்."

வண்டி ஓரமாகப் போய்ப் புல்லில் ஏறி இறங்கியது.

"நிஜமாவா?"

"அம்மா மேல சத்தியமா."

"ஒரு ஞாயிறு கூடவா?"

"ஒரு ஞாயிறு கூட வேண்டாம்."

தம்பிராஜா ஆக்சிலேட்டரை முறுக்கினான். நாய்த் தொட்டிகூட அழகாகத்தான் தெரிந்தது. மனதுக்குள் நல்லையாவுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தான். மிச்ச வழி முழுக்கப் பாட்டு. இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, நல்லவேளை.

புக்கிட் ரம்பாயில் மாமியார் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. வாசலில் ட்ரங்குப் பெட்டி, சுருட்டிய மெத்தை, ஓர் ஆட்டுக்கல், கூடை நிறையக் கோழி. பெட்டியின் மேல் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். மருமகனைக் கண்டதும் மரியாதையாக எழுந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. வாராவாரம் எனக்காக நீங்க அலையறது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதான் வீட்டை வாடகைக்கு விட்டுட்டேன்."